பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை ஏன் ஏறுவதில்லை?

தொடர்ந்து சூடேற்றியும், உருகி முடியும்வரை வெப்பமானி 0 டிகிரி செல்சியஸிலேயே நிற்கிறதே, அந்த வெப்பம் எங்கே போகிறது என்பது கேள்வி.

திண்மத்திலும் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. தத்தம் இடத்திலேயே அதிர்கின்றன. சூடேற்ற அதிர்வு வலுக்கும், வெப்பநிலை ஏறும். உருகுநிலையில் கதை மாறுகிறது. உள்ளே வரும் வெப்பம் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்தவே செலவாகிறது. அவற்றின் சராசரி வேகம் கூடுவதில்லை. 1 கிராம் பனிக்கட்டிக்கு இது 334 ஜூல். அதே 1 கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகவும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் ஆகும்!

மூலக்கூறே உடைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மூலக்கூறுகளுக்கிடையே அந்தப் பிடியைத் தரும் ஹைட்ரஜன் பிணைப்புகளும் முழுவதுமாக அறுவதில்லை. நீரில் பெரும்பாலானவை நீடிக்கின்றன, ஆனால் ஓயாமல் அறுந்து புதிய கூட்டாளியோடு சேர்கின்றன. மீதமிருக்கும் பிணைப்புகளையும் அறுத்து, 100 டிகிரியில் 1 கிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2260 ஜூல் தேவைப்படுவதே இதற்குச் சான்று.

பெரும்பாலான பொருள்கள் உருகினால் விரியும். பனிக்கட்டியோ சுமார் 8 சதவீதம் சுருங்கும்: ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு பிணைந்த அதன் அமைப்பில் வெற்றிடம் அதிகம், அது குலைந்ததும் மூலக்கூறுகள் நெருங்கிவிடுகின்றன.

சோதித்துப் பார்ப்பதானால் பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி, கலக்கிக்கொண்டே அளவிடுங்கள். வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். துளி உப்பு கலந்தாலும் 0 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும்.