ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்தியாவுக்கு நிரந்தர இடம் கிடைத்தால் உலக அமைப்புகள் சீராகிவிடுமா?

ஆகாது என்றே நினைக்கிறேன். அந்த இடம் நமக்கு வரவேண்டும்தான். ஆனால் ஐ.நா. சாசனத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் சம்மதித்தால் மட்டும் போதாது, வீட்டோ வைத்திருக்கும் ஐந்து நாடுகளும் சம்மதிக்க வேண்டும். 1945-இல் 51 ஆக இருந்த உறுப்பு நாடுகள் இன்று 193. பாதுகாப்பு அவை பெரிதானதோ ஒரே முறை, 1965-இல். அப்போதும் தற்காலிக இடங்கள் ஆறு பத்தாயின, அவ்வளவுதான்.

எனக்கு அதைவிடக் கவலை ஜெனிவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பைப் பற்றி. காரணம் என் மாமா.

காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். விடியற்காலை ஏலம் முடிந்ததும், ஐஸ் தண்ணீர் சொட்டும் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். முதலில் டீசல், அப்புறம் ஐஸ், மிச்சத்தில் கூட வந்தவர்களுக்குப் பங்கு. சில நாள் டீசலுக்கே சரியாகப் போய்விடும். ஒருநாள் கேட்டார்: "ஜெனிவால உக்காந்துகினு நம்ம டீசல் மானியத்தப் பத்திப் பேசுறாங்களாமே, மெய்யா மாப்ள?"

மெய்தான். மீன்பிடி மானியங்களைக் கட்டுப்படுத்தும் பேச்சு 2001-இல் தோஹாவில் தொடங்கி, 2022 ஜூனில்தான் பாதி ஒப்பந்தமாக வந்தது. திருட்டுத்தனமான மீன்பிடிப்புக்கும், ஏற்கெனவே வற்றிவரும் மீன் இனங்களைப் பிடிப்பதற்கும் மானியம் கூடாது என்கிறது. நல்ல விதி. படகும் பிடிப்பும் அளவில்லாமல் பெருக வைக்கும் மானியங்களை யார், எவ்வளவு குறைப்பது என்ற மறுபாதி 2024-இல் அபுதாபியிலும் முடியவில்லை. கடல் கடந்துபோய் மாதக்கணக்கில் அள்ளும் கப்பலையும் மாமாவின் படகையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. இந்தியா 25 ஆண்டு அவகாசம் கேட்டது, அது நியாயம். எல்லோரும் ஒப்பினால்தான் முடிவு என்ற வழக்கம் இருப்பதால்தான் நம் பேச்சு அங்கே எடுபடுகிறது.

ஆனால் இதே வழக்கம்தான், நாடுகளுக்கு இடையிலான வர்த்தக வழக்குகளில் மேல்முறையீட்டைக் கேட்க உலக வர்த்தக அமைப்பில் உள்ள மேல்முறையீட்டு அமைப்பைச் சாகடித்திருக்கிறது. ஏழு பேர் இருக்க வேண்டும், ஒரு வழக்கைக் கேட்க மூன்று பேராவது வேண்டும். அமெரிக்கா புது நியமனங்களைத் தடுத்துக்கொண்டே வந்ததில் 2019 டிசம்பரில் ஒருவர் மிஞ்சினார், அடுத்த ஆண்டு அவரும் இல்லை. 130 நாடுகள் சேர்ந்து திரும்பத் திரும்பக் கேட்டும் பலனில்லை. வழக்கில் தோற்ற நாடு, ஆளே இல்லாத அந்த இடத்தில் மேல்முறையீடு போட்டுவிட்டால் தீர்ப்பு கிடப்பில் போய்விடும். 2021 டிசம்பரில் சர்க்கரை மானிய வழக்கில் தோற்றபோது நாமும் அதைத்தான் செய்தோம். எனக்கு அது பிடிக்கவில்லை.

விதி எழுதும்போது எல்லோர் சம்மதமும் இருக்கட்டும். ஆள் நியமிக்க ஓட்டெடுப்பு வேண்டும். சம்மதம் கூடிவராவிட்டால் ஓட்டெடுக்கலாம் என்று அந்த அமைப்பின் மூல ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நியமனத்துக்குத்தான் தனி விதி, அதை மாற்றவும் எல்லோரும் தலையாட்ட வேண்டும். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியம், சீனா, பிரேசில் உள்ளிட்ட நாடுகள் 2020-இல் தங்களுக்குள் ஓர் இடைக்கால மேல்முறையீட்டு ஏற்பாடு செய்துகொண்டன. இந்தியாவும் அதில் சேர வேண்டும். நாளைக்கு மாமாவின் டீசல் மானியத்தின் மேல் ஒரு நாடு வழக்குப் போட்டால், நம் வாதத்தைக் கடைசிவரை கேட்க அங்கே ஆள் இருக்க வேண்டும்.