ரெஸ்கோ முறை சோலார் என்றால் என்ன?

கூரை உங்களுடையது, அதன்மேல் வைக்கும் சோலார் பேனல் ஒரு நிறுவனத்துடையது. முதலீடும் பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. கிடைக்கும் யூனிட்டுக்கு மட்டும் நீங்கள் பேசிய விலையைக் கொடுக்கிறீர்கள். இதுதான் ரெஸ்கோ முறை.

நம் விளையில் வேறொருவர் தென்னை நட்டு, உரம் போட்டு, காய்த்த தேங்காயைக் கடை விலையைவிடக் குறைத்து நமக்கே விற்பது போலத்தான்.

சரி, அவர்களுக்கு என்ன லாபம்? சோலாரில் பெரிய செலவெல்லாம் தொடக்கத்திலேயே முடிந்துவிடும்; வெயிலுக்குக் காசில்லை. போட்ட பணத்தை மெல்ல எடுக்கத்தான் 15, 25 ஆண்டு என்று நீளமான ஒப்பந்தம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது நன்றாகப் பொருந்தும் என்பேன். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. மேகம் மூடினால் உற்பத்தி குறையும். குளச்சல் பக்கம் உப்புக்காற்றில் பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். இந்தக் கவலையெல்லாம் பெரும்பாலும் நிறுவனத்துக்குத்தான். கையெழுத்துப் போடும் முன், யூனிட் விலை ஆண்டுதோறும் எவ்வளவு ஏறும், வீட்டை விற்றால் ஒப்பந்தம் என்ன ஆகும் என்ற வரிகளை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

அப்புறம், சோலார் வைத்தால் கரண்ட் கட்டே இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரி இல்லாத இணைப்பு, லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்க, மின்வாரிய சப்ளை போனதும் தானாகவே நின்றுவிடும்.