லூனாஸ் வாடகை வீட்டில் டிஷ்வாஷர்: வாங்கும் முன் குழாயைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டவை மூன்று. சென்னையில் போர்வெல் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்த டிஷ்வாஷரை, மலேசியாவின் கெடா மாநிலத்தில் கூலிம் வேலைக்கு வரும்போது பக்கத்து லூனாஸுக்குக் கொண்டுவரலாமா? வாடகை வீட்டில் சுவரை உடைக்காமல் பொருத்த முடியுமா? நம் பாத்திரங்களுக்கு அது ஆகுமா?

கரண்ட்டைப் பொறுத்தவரை ஓடும். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் ஊர் வாரண்டி பொதுவாக இங்கே செல்லாது. வீட்டுச் சாமான் எப்படியும் கப்பலில் வருகிறது என்றால் அதோடு போட்டு அனுப்புங்கள். இதற்காகத் தனியாகச் செலவு செய்வது வீண், அங்கேயே விற்றுவிட்டு இங்கே வாங்கலாம். அனுப்பினால், அடியில் தேங்கியிருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டு நிமிர்த்திய வாக்கிலேயே ஏற்றச் சொல்லுங்கள்.

பிளக்கை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். ஊரில் இருப்பது 16 ஆம்பியர் உருண்டைக் கால் பிளக். இங்கே பட்டைக் கால் மூன்று உள்ள 13 ஆம்பியர் பிளக், உள்ளேயே ஃபியூஸ் இருக்கும். ஹீட்டர் ஓடும்போது 2000 வாட் அளவுக்கு இழுக்கும், அதாவது 9 ஆம்பியருக்குக் கிட்டே. பயணிகள் வைத்திருக்கும் அடாப்டரில் செருகினால் அது உருகிவிடலாம். சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை உள்ள பிளக்கை வாங்கி, பழுப்பு வயரை ஃபியூஸ் பக்கம், நீலத்தை நியூட்ரலில், பச்சை-மஞ்சளை எர்த்தில் மாட்டச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் இதோடு ஒரே பாயிண்டில் தொங்கவிடவும் வேண்டாம்.

ஊரில் உங்களுக்குத் தண்ணீரின் கடினத்தன்மைதான் பெரிய தலைவலியாக இருந்திருக்கும். இங்கே நேர் எதிர். குழாயில் வருவது பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர், மிருதுவானது. இயந்திரத்தில் போர் தண்ணீருக்காக ஏற்றிவைத்த கடினத்தன்மை அளவைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். கடினத்தன்மை 100 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 100 மில்லிகிராம்) இருந்தால், தண்ணீரை மிருதுவாக்க இயந்திரத்தில் போடும் டிஷ்வாஷர் உப்பே பல மாடல்களுக்குத் தேவையில்லை. தோட்டத்துப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் வரும் வீடு என்றால் மட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்கிப் பாருங்கள். அதில் இரும்பு இருந்தால் உள்ளே காவி படியும், உப்பு அதற்கு உதவாது.

மிருதுவான தண்ணீரில் பவுடரை ஊர் அளவுக்கே கொட்டினால் கண்ணாடி டம்ளர் மங்கிவிடும். மங்கிய இடத்தில் வினிகர் தடவித் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டால் சுண்ணாம்பு. போகாமல் வானவில் மாதிரி மினுங்கினால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது, அதைச் சரிசெய்ய வழி கிடையாது. பவுடரைக் குறையுங்கள். ரின்ஸ் எய்டை (கடைசி அலசலில் சேர்ந்து தண்ணீரை வழியவைக்கும் திரவம்) மட்டும் நிறுத்தாதீர்கள், இந்த ஈரக் காற்றில் அது இல்லாமல் பாத்திரம் காயாது. ஆனால் அளவைக் கீழ்ப்படியில் வையுங்கள், நீலக் கோடு விழுந்தால் அதிகம் என்று அர்த்தம்.

இங்கே கவனிக்க வேண்டியது தண்ணீரின் அழுத்தம். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கூரைக்குக் கீழே டாங்கி இருக்கும். ஒற்றை மாடி வீட்டில் அந்த டாங்கியிலிருந்து இயந்திரத்தின் வால்வு வரை மூன்று மீட்டர் உயரம்கூட இருக்காது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பதால் 0.3 பார்தான் கிடைக்கும். நிறைய இயந்திரங்கள் குறைந்தது 0.5 பார் கேட்கும். தண்ணீர் போதாமல் இயந்திரம் பாதியில் நின்று திரையில் குழாய்ச் சின்னம் காட்டுவது இதனால்தான். நல்ல வேளையாக சமையலறை சிங்க் குழாய் பெரும்பாலும் டாங்கி வழியாக வராமல் மெயினிலிருந்து நேராக வரும். சந்தேகம் இருந்தால் வாசல் மீட்டருக்குப் பக்கத்து வால்வை மூடிவிட்டு சிங்க்கைத் திறங்கள். உடனே நின்றால் மெயின் லைன், தொடர்ந்து ஊற்றினால் டாங்கி லைன். பிறகு வால்வைத் திறந்துவிட்டு 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிறதா என்று பாருங்கள். நிறைந்தால் தாராளம்.

சிங்க் குழாய்க்கு அடியில் ஒரு டி வால்வு போட்டால் போதும், சுவரைத் தொட வேண்டாம். சிங்க் பக்கம் அரை இன்ச் திரெட், டிஷ்வாஷர் ஹோஸ் முக்கால் இன்ச். முக்கால் இன்ச் வாய் உள்ள வால்வாகவே கேளுங்கள். டெஃப்லான் டேப்பைக் குழாய் திரெட்டில் சுற்றுங்கள், ஹோஸ் நட்டில் வேண்டாம், அங்கே ரப்பர் வாஷரே அடைத்துவிடும். வெந்நீர் லைன் தேவையில்லை. இங்கே பச்சைத் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும், அதனால் குளிர் நாடுகளைவிட ஹீட்டருக்கு வேலை குறைவு.

கழிவு ஹோஸில்தான் பைப்காரர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். பல வீடுகளில் சிங்க்கின் மடிப்புக் குழாய் நேராகத் தரைத் துளையில் இறங்கும். டிஷ்வாஷர் ஹோஸையும் அதே துளையில் திணித்துவிட்டுப் போனால் சைஃபன் விழும். ஒரு பக்கம் தண்ணீர் நிரம்பும், மறுபக்கம் தானாக வெளியே ஓடும், இயந்திரம் ஓயாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும். ஹோஸை மேடைக்கு அடியில் முட்டும் வரை தூக்கி ஒரு வளைவு கொடுத்து கிளிப் போட்டு, அதன் பிறகே இறக்க வேண்டும். பக்கவாட்டு முனை உள்ள டிராப் (சிங்க்குக்கு அடியில் நாற்றத்தைத் தடுக்கும் வளைவுக் குழாய்) வாங்கி அதில் மாட்டினால் இன்னும் நல்லது. புது டிராப்பில் அந்த முனைக்குள் ஒரு பிளாஸ்டிக் சவ்வு மூடியிருக்கும், அதை வெட்டி எடுக்காமல் மாட்டினால் தண்ணீர் வெளியேறாது. தரைத் துளையின் இடுக்கைக் கம்பி வலையால் அடைத்துவிடுங்கள், எலி ஹோஸைக் கடிக்கும்.

இடம்: 60 செ.மீ. அகலம், அல்லது ஒல்லி மாடல் 45. உயரம் 85. காங்கிரீட் மேடைக்கு அடியில் 85 கிடைக்காத வீடுகள் உண்டு. சில மாடல்களில் மேல் பலகையைக் கழற்றினால் 82க்கு இறங்கும். அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

எவர்சில்வர் எல்லாமே போடலாம். அலுமினிய இட்லித் தட்டு, அலுமினிய குக்கர் போட்டால் கருத்துவிடும், டிஷ்வாஷர் பவுடரின் காரம் அப்படி. தோசைக்கல், மண்சட்டி, மர அகப்பை, மிக்ஸி ஜார் வேண்டாம், ஜாரின் பேரிங் கிரீஸ் கழுவிப் போய்விடும். சோற்றுப் பருக்கையைத் தட்டி உதறிவிட்டு வையுங்கள். விளிம்பு உயர்ந்த நம் சாப்பாட்டுத் தட்டு இயந்திரத்தின் கீழ் ரேக்கில் அடங்குகிறதா என்று கடையில் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது உத்தமம். 14 பேர் செட் என்று எழுதியிருப்பது தட்டையான வெள்ளைக்காரத் தட்டுக் கணக்கு. கதவை மூடும் முன் ஸ்ப்ரே கையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், கடாய்க் காது தட்டினால் தெரிந்துவிடும். தேங்காய்ப்பால், சம்பால் எண்ணெய் ஃபில்டரில் கட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து, 65–70 டிகிரி புரோகிராம் ஒன்று ஓட்டுங்கள்.

பாத்திரம் கழுவும் சாதாரண லிக்விடை ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். நுரை பொங்கி அடித்தட்டில் இறங்கினால் அங்கே உள்ள மிதவை சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். போஷ் இயந்திரத்தில் ஈ15 என்று வருவது இதுதான்.

தண்ணீர் வெட்டு முடிந்து முதலில் வருவது கலங்கல். டிஷ்வாஷர் வால்வை மூடி வைத்து, சிங்க்கில் தெளிவாக வரும் வரை விட்டு, பிறகு திறங்கள். இல்லையென்றால் ஹோஸ் நுனி வலை அடைத்துக்கொள்ளும். சாயங்கால இடியின்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சூடேறும் நேரத்தில் மட்டும் வீட்டு பிரேக்கர் டிரிப் ஆனால் சந்தேகம் ஹீட்டர் மேல், லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

முதல் ஓட்டத்தைப் பாத்திரம் இல்லாமல் விடுங்கள். தண்ணீர் நிரம்பும்போதும் வெளியேறும்போதும் சிங்க்குக்கு அடியில் டார்ச் அடித்து, இணைப்பு ஒவ்வொன்றையும் உலர்ந்த டிஷ்யூவால் தொட்டுப் பார்த்த பிறகே இயந்திரத்தை உள்ளே தள்ளுங்கள்.