560 கிலோ காருக்கு எந்த ரயர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் இரண்டு கூட்டாளிமாரும் ஒன்றரை வருசமாக, பழைய கே.ஈ. 70 கொரோலா ஒன்றின் எஞ்சின், கியர்பொக்ஸ், பின் அக்சில் எல்லாவற்றையும் கழற்றி எடுத்து, இரும்புக் குழாயில் சட்டம் ஒட்டி, லோட்டஸ் செவன் என்ற அந்தக்கால இலேசான ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஒரு காரைக் கட்டிக்கொண்டு வருகிறோம். எடை 560 கிலோ வரும். கட்டுக்குருந்த கார்ப் பந்தயத் திடலில் ஒருதரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. இப்போது சண்டை ரயரில் வந்து நிற்கிறது. ஒருவன் 205 மில்லிமீற்றர் அகல ரயர் போடுவோம் என்கிறான், லண்டனில் இருக்கிற மச்சான் ரேஸ் ரயரே அனுப்பி விடுகிறேன் என்கிறார். அண்ணை, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? – கோண்டாவில் வாசகர்

பதில்: தம்பி, முதலில் ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் இரண்டு பேர் ஏறிக் குந்தினால் கார் 700 கிலோ. நான்கு சில்லுக்கும் பிரித்தால் ஒன்றுக்கு 175. ரயரின் பக்கவாட்டில் 185/60 ஆர் 13 80எச் என்று எழுதியிருந்தால் (185 என்பது மில்லிமீற்றரில் அகலம், 13 என்பது அங்குலத்தில் றிம்), அந்த 80 என்பது அந்த ரயர் 450 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. 450 கிலோ சுமக்கப் பிறந்ததன் தலையில் நீங்கள் 175தான் வைக்கப் போகிறீர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

ஒட்டிப் பிடிக்கிற றப்பருக்குச் சூடு வேண்டும். பாரத்தில் நசுங்கி நசுங்கி நிமிர்வதிலும் தாரில் உரசி இழுபடுவதிலும்தான் அந்தச் சூடு வருகிறது. முழு ரேஸ் ரயர் 80, 90 பாகைக்கு ஏறினால்தான் தன் வேலையைக் காட்டும். 1,200 கிலோ காரில் இரண்டு சுற்றிலேயே அந்த இடத்துக்கு வந்துவிடுகிற ரயர், உங்கள் காரில் கடைசிச் சுற்று வரை வெதுவெதுப்பாகவே கிடக்கும், பிறகு ‘இவ்வளவு காசு கொடுத்தும் வழுக்குதே’ என்று மச்சானுக்கு வட்ஸ்அப்பில் திட்டு விழும். 205இலும் அதே பிரச்சினைதான். இருக்கிற கொஞ்சப் பாரத்தையும் இன்னும் அகலமாகப் பரப்பினால் றப்பர் சூடேற இன்னும் நேரம் எடுக்கும், ஸ்டியரிங் பாரமாகும், மழை வந்தால் அது வேறு தலையிடி. கொரோலாவின் 4கே எஞ்சின் வெறும் 1,290 சி.சி., அதன் இழுவைக்கு அவ்வளவு அகலம் தேவையும் இல்லை.

ஒன்றை மட்டும் மச்சான் மறந்துவிட்டார். அவர் காலையில் 8 பாகைக் குளிரில் கார் எடுக்கிறவர், நீங்கள் மத்தியானத்தில் வெறுங்காலை வைக்க முடியாத தாரில் ஓடுகிறவர்கள். சூட்டில் பாதியை இங்கே வெயிலே ஏற்றிக் கொடுத்துவிடும். அதனால் ரேஸ் ரயரைவிட ஒரு படி கீழே, றோட்டிலும் ஓடக்கூடிய மென்மையான றப்பர் உங்களுக்குத் தாராளம்.

நான் என்றால் நான்கு சில்லுக்கும் 185/60 ஆர் 13 போடுவேன், 5½ அல்லது 6 அங்குல றிம்மில். திடலில் ஓடுவதுதான் முக்கியம் என்றால் ரொயோ ஆர்888ஆர், வீட்டிலிருந்து சுன்னாகம் சந்திக்கும் போய்வர வேண்டும் என்றால் நன்காங் என்எஸ்-2ஆர் மாதிரி ஒன்று. பக்கவாட்டில் ‘ட்ரெட்வெயார்’ என்று ஒரு எண் இருக்கும், எண் குறையக் குறைய றப்பர் மென்மை, பிடிப்பு கூட, தேய்வும் கூட. ஆர்888ஆரில் அது 100. ஆனால் அந்த எண்ணைப் போடுவது அந்தந்தக் கொம்பனியே, ஒன்றின் 100ஐயும் இன்னொன்றின் 180ஐயும் பக்கத்தில் வைத்துத் தராசு பிடிக்காதீர்கள்.

இன்னொன்று. கொரோலாவில் இருந்த 155 ஆர் 13 ரயரின் விட்டம் 578 மில்லிமீற்றர், இது 552. கார் 13 மில்லிமீற்றர் பதியும். நம் ஒழுங்கைகளில் ஊர்ச்சங்கங்கள் போட்டு வைத்திருக்கிற வேகத்தடைகளை நினைத்துக்கொண்டு எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஒயில் தொட்டியை, அதாவது சம்பை, கொஞ்சம் மேலே தூக்கி ஒட்டுங்கள்.

ரயரை விடக் காற்றுத்தான் பெரிய விசயம். இப்படியான இலேசான காருக்கு, ரயர் சூடேறாமல் இருக்கும்போது 18 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். நானே பட்ட பாடு சொல்கிறேன்: நண்பரின் இதேமாதிரிக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு போகிற வழியில் ஒரு பெற்றோல் செட்டில் காற்றுப் பார்க்கச் சொன்னேன், அந்தப் பொடியன் வழக்கம்போல நாலுக்கும் 32 அடித்துவிட்டான், நானும் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். முதல் வளைவிலேயே பின்பக்கம் ஐஸ்கட்டியில் போன மாதிரிப் போனது. நல்லகாலம் எதிரே ஒரு சைக்கிள்கூட வரவில்லை. கழற்றிப் பார்த்தால், ரயரின் நடுவில் மூன்று விரலகலம்தான் தார் தொட்டிருக்கிறது, இரண்டு ஓரத்திலும் புது ரயரின் றப்பர் முடிகள் அப்படியே நிற்கின்றன. வெண்கட்டியால் ரயருக்குக் குறுக்கே கோடு போட்டுக் கொஞ்சத் தூரம் ஓட்டிப் பாருங்கள். கோடு ஓரம் முதல் ஓரம் வரை ஒரேமாதிரி அழிய வேண்டும். நடுவில் மட்டும் அழிந்தால் காற்றைக் குறையுங்கள்.

அப்புறம் மண். சூடான மென்றப்பர், றோட்டோரக் குருமணல் முழுவதையும் பொறுக்கி எடுத்து மட்காட்டின் அடியில் சடசடவென்று அடிக்கும். பயந்துபோய்க் காரை நிற்பாட்ட வேண்டாம், அது ரயர் வேலை செய்கிறது என்பதற்கான சத்தம்.

கேள்வி: இப்படிக் காற்றைக் குறைத்து வைத்துக்கொண்டு கார்த்திகை மழையில் ஓடலாமா? – நெல்லியடி வாசகர்

பதில்: மெதுவாக ஓடலாம். விமானச் சில்லுகளை வைத்து நாசா கண்டுபிடித்த பழைய கணக்கு ஒன்று உண்டு. தேங்கிய தண்ணீரில் சில்லு மிதக்கத் தொடங்கும் வேகம், பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் போல ஒன்பது மடங்கு, நொட் (மணிக்கு ஒரு கடல்மைல்) அளவில். 32 பி.எஸ்.ஐ. என்றால் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றர், 18 என்றால் 71. கார் ரயருக்கு வெட்டு இருப்பதால் இலக்கம் அப்படியே பொருந்தாது, ஆனால் போகிற திசை அதுதான். ஆர்888ஆர் போன்றவற்றில் தண்ணீர் வெளியேறுகிற வெட்டும் குறைவு. மாரியில் அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரண ரயர் போடுவதே புத்தி.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த, பாவிக்காத ரயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? – மானிப்பாய் வாசகர்

பதில்: பக்கவாட்டில் நாலு இலக்கம் தேடுங்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது, அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பாவிக்காமல் கிடந்தாலும் றப்பர் இறுகும், அதிலும் மென்மைக்கென்றே காசு கொடுக்கிற ரயரில் அந்த மென்மை போனால் மிச்சம் என்ன? நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழ வேண்டும்.

கேள்வி: அப்பாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் இன்னும் ஓடுகிறது. அதற்கும் இந்த மாதிரிப் பிடிப்பான ரயர் போட்டால் என்ன? – சங்கானை வாசகர்

பதில்: யுத்த காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடிப் பிழைத்த காரை இனியும் ஏன் சோதிக்கிறீர்கள்? ரயர் கூடப் பிடித்தால் அந்த இழுவை முழுவதும் முன்சில்லு திரும்புகிற அச்சாணியான பழைய கிங்பின்னுக்குப் போய்ச் சேரும், ட்ரம் பிரேக்கும் அந்தப் பிடிப்புக்குக் கட்டியதல்ல. சாதாரண ஒடுங்கிய ரேடியல் போடுங்கள், நாலும் ஒரேதரம். காசு இரண்டுக்குத்தான் என்றால் ரேடியல் இரண்டும் பின்னுக்கு, நூல் குறுக்கும் மறுக்குமாக ஓடுகிற பழைய குறொஸ்பிளை ரயர் முன்னுக்கு. ஒரே அக்சிலில் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்று மட்டும் வேண்டாம். கழற்றிய ரயர்களை வளவின் மூலையில் போட்டு வைக்காதீர்கள், மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு பார்க்க வருகிற பி.எச்.ஐ. ஐயா வழக்குப் போட்டுவிட்டுப் போவார்.