குதித்தால் முட்டி உள்ளே போகிறது, இன்சோல் வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பள்ளி கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். குதித்து இறங்கும்போது இரண்டு முட்டியும் உள்பக்கம் சாய்கின்றன. ஆடி முடித்ததும் முட்டிச் சில்லைச் சுற்றி வலி. ஒரு கடையில் பாதத்தை ஸ்கேன் செய்துவிட்டு, "கால் வளைவு, 9,000 ரூபாய்க்கு ஷூவுக்குள் இன்சோல் போட வேண்டும்" என்கிறார்கள். போடலாமா?
ஒரு தாய், பெரம்பூர்

பதில்: இப்போதைக்குக் காசை எடுக்காதீர்கள். அசையாமல் நிற்கவைத்து எடுத்த ஸ்கேன், கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க எகிறி இறங்கும் காலைப் பற்றி என்ன சொல்லிவிடும்? நிற்கும்போது கால் நேராக இருந்து, இறங்கும்போது மட்டும் முட்டி சாய்ந்தால், பெரும்பாலும் இடுப்பின் பக்கவாட்டுத் தசையில் பலம் போதவில்லை என்று அர்த்தம். வளரும் பருவத்தில் உயரம் சட்டென்று கூடிவிடும், தசை பின்னால்தான் வரும்.

வீட்டிலேயே பார்க்கலாம். வெறுங்காலோடு ஒற்றைக் காலில் நின்று, மெதுவாக ஐந்து முறை பாதி உட்காரச் சொல்லுங்கள். முட்டி உயரத்தில் போனை வைத்து எதிரிலிருந்து வீடியோ எடுங்கள். முட்டி கட்டைவிரலைத் தாண்டி உள்ளே போகிறதா, தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தொங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால், ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, முட்டிக்கு மேலே உடற்பயிற்சி ரப்பர் பட்டை மாட்டிப் பக்கவாட்டில் நடப்பது, தாழ்ந்த படியிலிருந்து சத்தமில்லாமல் குதித்து இறங்குவது போதும். வாரம் மூன்று நாள், இரண்டு மாதம். வலி கூடினால் குதிப்பதை நிறுத்திவிட்டு பிசியோவை (பிசியோதெரபிஸ்ட்) பாருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆட்டத்தில் கால் திருகி, உள்ளே 'டப்' என்று கேட்டு, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஜவ்வு கிழிந்திருக்கலாம். சில நாளில் வலி அடங்கும், நடக்கவும் வரும். அதை நம்பித்தான் பலர் எண்ணெய் போட்டு உருவுகிறவரிடம் போகிறார்கள். எக்ஸ்-ரே எடுத்து "எலும்பு நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னாலும் விட்டுவிடாதீர்கள், எக்ஸ்-ரேயில் ஜவ்வு தெரியாது. எலும்பு மருத்துவர் கையால் அசைத்துப் பார்த்தாக வேண்டும். அரசு மருத்துவமனை ஓபியில் அரை நாள் போகுமா? போகட்டும்.

பள்ளிகளைச் சொல்லி என்ன பயன்! பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். போட்டி நெருங்கியதும் சிமெண்ட் தரையில் தினம் இரண்டு மணி நேரம் குதிக்க வைப்பார்கள். வார்ம்-அப் என்றால் கிரவுண்டை இரண்டு சுற்று ஓடுவது. இறங்கக் கற்றுத்தர ஆள் கிடையாது. வலி என்றால் "முட்டிக்கு நீ-கேப் போட்டுக்கோ" என்பதோடு முடிந்தது.

பிசியோவிடம் போகும்போது வீடியோவை எடுத்துப் போங்கள். அதைப் பார்க்காமலே "பத்து நாள் கரண்ட் வைக்கணும், பேக்கேஜ் இருக்கு" என்று ஆரம்பித்தால், எழுந்து வந்துவிடுங்கள்.