எதுவும் இல்லை என்று தெரிந்தும் ஏன் இந்தப் பயம்?

கேள்வி: எனக்கு வயது 38. இரவில் மின்சாரம் போய்விட்டால் அடுத்த அறைக்குப் போகக் கால் எழுவதில்லை. மூலையில் யாரோ நிற்பதுபோலத் தெரியும். உற்றுப் பார்த்தால் இருக்காது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்கிறார் கணவர். ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் ஏன் பயப்படுகிறேன்? என் ஐந்து வயது மகளுக்கும் இப்போது இதே பயம் வந்துவிட்டது.

பதில்: அன்புச் சகோதரி, அந்தப் பழமொழியில் பாதிதான் உண்மை. உற்றுப் பார்த்தால் மறைந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது மனக்கோளாறு அன்று. நம் கண்ணின் அமைப்பே அப்படி. ஒன்றை நேராகப் பார்க்கும்போது வேலை செய்கிற விழித்திரையின் நடுப்புள்ளியில், நல்ல வெளிச்சம் வேண்டிய கூம்பு செல்களே நெருக்கமாக இருக்கின்றன. மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள் அங்கே இல்லை, அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. அதனால்தான் மங்கலான விண்மீன் ஒன்று நேராகப் பார்த்தால் மறைந்து, பார்வையைச் சற்று விலக்கினால் மீண்டும் தென்படுகிறது. நாற்காலியில் தொங்கும் சட்டையும் இப்படியே கடைக்கண்ணில் தோள்போலத் தெரிந்து, திரும்பியதும் கரைந்துவிடுகிறது. கடைக்கண் பார்வையில் நுணுக்கம் கிடையாது. மூளை தன் ஊகத்தால் அதை நிரப்புகிறது, அதுவும் பெரும்பாலும் ஆள் உருவமாக.

அந்த ஊகம் ஆபத்தின் பக்கமே சாய்வதற்குக் காரணம் உண்டு. தான்சானியாவில் 1988 முதல் 2009 வரை மனிதர்மேல் நடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிங்கத் தாக்குதல்களை ஆராய்ந்த கிரெய்க் பாக்கர் குழுவினர், அவை பெரும்பாலும் இருட்டிய பிறகு, குறிப்பாகப் பௌர்ணமி கழிந்து நிலவு தாமதமாக எழும் இரவுகளில் மிகுந்திருந்ததைக் கண்டார்கள். கண்ணையே நம்பி வாழும் உயிருக்கு இருட்டு என்றால் காவல் போன நேரம். மனிதர்கள் திடீர் ஒலிக்கு வெளிச்சத்தைவிட இருட்டில் அதிகமாகத் திடுக்கிடுகிறார்கள் என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது; இரவில் நடமாடும் எலிகளோ பளிச்சென்ற வெளிச்சத்தில்தான் அதிகம் திடுக்கிடுகின்றன. எனவே உங்கள் உடல் தன் கடமையைத்தான் செய்கிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மின்சாரம் போனதும் எழுந்து நடக்காதீர்கள். கூம்பு செல்கள் இருட்டுக்குப் பழகச் சுமார் பத்து நிமிடமும், குச்சி செல்கள் முழுத்திறன் பெற அரைமணி நேரமும் ஆகும் என்பதால், முதல் சில நிமிடங்களில் நீங்கள் ஏறக்குறையப் பார்வையற்றவர். பயம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். உட்கார்ந்தபடியே காத்திருங்கள், அறை மெல்லப் புலப்படத் தொடங்கும். கைப்பேசி விளக்கை அடிக்கடி போட்டு அணைத்தால் கண் பழகியதெல்லாம் வீணாகும். பயத்தால் தூக்கமோ அன்றாட வேலையோ ஆறு மாதங்களுக்கு மேலாகக் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்; இருட்டைப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை பலருக்கு நன்றாகவே பலன் தருகிறது.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். கற்பனை வேகமாக வளர்ந்து, அதை நிஜத்திலிருந்து பிரித்தறியும் திறன் இன்னும் முதிராத வயது அது. கேலி மட்டும் செய்ய வேண்டாம். பகலிலேயே அவள் கையால் ஒரு சட்டையை நாற்காலியில் மாட்டச் சொல்லுங்கள். இரவில் விளக்கை அணைத்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு, கண் பழகியபின் முதலில் நேராகவும் பிறகு சற்று விலகியும் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டை மறைவதையும் திரும்ப வருவதையும் அவளே உங்களுக்குச் சொல்லட்டும்.