துள்ளும் விமானத்தின் மூக்கை அமுக்காதீர்கள்

தம்பி, நீங்கள் தனியாக ஓட்டிய செஸ்னா 172எஸ் பயிற்சி விமானம் தரையிறங்கும்போது துள்ளித் துள்ளி, முன்சக்கரம் ஒடிந்து, புரொப்பெல்லர் தரையில் உரசியதாக எழுதியிருக்கிறீர்கள். காயமின்றிப் பல்லாவரம் திரும்பினீர்களே, அதுவே பெரிது.

காற்றின் மேல் பழி போடாதீர்கள். இறங்க வந்தபோது இருந்ததாக நீங்கள் சொல்லும் 80 நாட் (மணிக்குச் சுமார் 150 கி.மீ.) வேகமே காரணம். ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பு மடிப்பை, முழுதாக இறக்கியிருந்தால் 60 முதல் 70 போதும். மிச்ச வேகத்தில் விமானம் மிதக்கும். பொறுமையிழந்து மூக்கை அமுக்கினால் முன்சக்கரம் முதலில் மோதி எகிறும், அடுத்த அடி இன்னும் பலமாக விழும். முதல் துள்ளலிலேயே திராட்டிலைத் தள்ளி எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலேறியிருக்க வேண்டும்.

புரொப்பெல்லர் உரசியதால் எஞ்சினைப் பிரித்துத்தான் பார்ப்பார்கள், எஞ்சினுக்குப் பின்னுள்ள தீத்தடுப்புச் சுவரும் நெளிந்திருக்கலாம். அது விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைவலி. விசாரணையில் வேகத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

அதுவரை பரங்கிமலை உச்சியிலிருந்து மீனம்பாக்கத்தில் இறங்குபவற்றைக் கவனியுங்கள்: பின்சக்கரங்கள்தான் முதலில், மூக்கு நிதானமாக.